பழைய ஹாலிவுட் டான்ஸ் படம் பாக்கணுமா? கால்ல இருந்து ஆரம்பிங்க

பழைய ஹாலிவுட் டான்ஸ் மியூசிக்கல் பாக்கணும்னு ஆசை, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னு என்கிட்ட கேக்கறவங்க நிறைய பேரு. அதுல பாதிப் பேரு ஏற்கனவே ஒரு தடவ முயற்சி பண்ணி பாதியில நிறுத்தினவங்க. எந்தப் படம் பாத்தீங்கன்னு கேட்டா, ஏதோ ஒரு லிஸ்ட்ல மேல இருந்த படத்த ராத்திரி சாப்ட்டு முடிச்சு போட்டேன், அர மணி நேரம் கழிச்சும் யாரும் ஆடவே இல்ல, ஆள் மாறாட்டம் அது இதுன்னு பேசிட்டே இருந்தாங்க, தூங்கிட்டேன்னு சொல்வாங்க. படம் நல்ல படம் தான், உள்ள போன வாசல் தான் சரியில்ல.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். இந்தப் படங்கள கதைக்காகப் பாக்காதீங்க, ஒரு மனுஷன் தலையில இருந்து பாதம் வரைக்கும் ஃப்ரேம்ல தெரிய, நடுவுல வெட்டு ஒட்டு ரொம்ப இல்லாம, ரெண்டு மூணு நிமிஷம் நெஜமாவே ஆடி முடிக்கிறத பாக்கறதுக்காகப் பாருங்க. இன்னிக்கு பாட்டு சீன்ல ரெண்டு செகண்டுக்கு ஒரு கட், முகம் ஒரு ஷாட், இடுப்பு ஒரு ஷாட், கால் ஒரு ஷாட்னு வெட்டி வெட்டி காட்டுறத பாத்துப் பழகின கண்ணுக்கு இது மொதல்ல மெதுவா தெரியும். ஒரு வாரம் போனா கண்ணு தானா பழகிடும், அப்புறம் விட மனசு வராது.

சரி, மொத வேல டிவி செட்டிங். இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க, ஆனா பாதி ரசனை இங்க தான் போகுது. 1953க்கு முன்னாடி வந்த ஹாலிவுட் படம் எல்லாம் கிட்டத்தட்ட சதுரமா தான் எடுத்தாங்க, நம்ம பழைய பெட்டி டிவி சைஸ்னு வெச்சுக்குங்க. அகலமான இப்போதைய டிவில போட்டா ரெண்டு பக்கமும் கருப்பா பட்டை வரும். அது அப்படியே இருக்கட்டும். திரை ஃபுல்லா வரணும்னு ஜூம் பண்ணீங்கன்னா மேலயும் கீழயும் வெட்டுப்படும், கீழ வெட்டினா போறது என்ன? கால்! டான்ஸ் படத்துல காலே இல்லாம எதப் பாக்கறது. இழுத்து அகலமாக்குற மோட் இன்னும் மோசம், எல்லாரும் குள்ளமா குண்டா தெரிவாங்க. அடுத்தது டிவில மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு செட்டிங் இருக்கும், கம்பெனிக்கு ஒரு பேரு வெச்சிருப்பாங்க, அசைவ வழுவழுன்னு ஆக்குறது, அத அணைச்சிருங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த ஆட்டத்துக்கு நடுவுல மெஷின் சொந்தமா ஃப்ரேம் செஞ்சு சொருகினா ஸ்டெப்போட வெட்டு போயிடும். கருப்பு வெள்ளப் படத்துக்கு பின்னாடி கலர் அடிச்ச காப்பியும் சிலது சுத்துது, அது வேணாம். அப்புறம் ஹெட்ஃபோனோ நல்ல ஸ்பீக்கரோ கண்டிப்பா வேணும், ஏன்னா டாப் டான்ஸ்ல ஷூவோட அடியில இருக்குற உலோகத் தகடு தரையில தட்டுற சத்தமே ஒரு வாத்தியம், நமக்கு சலங்கை மாதிரி, அது தெளிவா காதுல விழலன்னா பாதி ஆட்டம் போச்சு.

இப்ப மொத படி. முழுப் படம் போடாதீங்க. ஒரே ஒரு டான்ஸ் மட்டும். என் தேர்வு 1936ல வந்த ஸ்விங் டைம் படத்துல பிக் யுவர்செல்ஃப் அப் பாட்டு. ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ். சூழ்நிலை ரொம்ப எளிமை: அவ டான்ஸ் ஸ்கூல்ல சொல்லித்தர்ற டீச்சர், இவன் அவகிட்ட பேசறதுக்காகவே ஆடத் தெரியாத மாதிரி நடிச்சு வழுக்கி வழுக்கி விழறான், உனக்கு டான்ஸ் வராது, காச வீணாக்காதன்னு அவ சொல்லப் போக, அது முதலாளி காதுல விழுந்து அவளுக்கு வேல போயிடுது. உடனே இவன், எவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்தாங்க பாருங்கன்னு முதலாளி முன்னாடியே அவள இழுத்து ஆட ஆரம்பிக்கிறான். அடுத்த ரெண்டு நிமிஷம் அவ முகத்த மட்டும் பாருங்க. மொதல்ல குழப்பம், அப்புறம் ஆச்சரியம், அப்புறம் சந்தோஷம், கடைசியில ரெண்டு பேரும் சுத்தி இருக்குற சின்ன வேலிய தாண்டித் தாண்டிக் குதிக்கும்போது நமக்கும் ஒடம்பு லேசாகும்.

இத நாலு தடவ பாக்கணும்னு சொல்வேன். மொத தடவ சும்மா. ரெண்டாவது தடவ கால மட்டும். மூணாவது தடவ, எத்தன கட் வருதுன்னு விரல் விட்டு எண்ணுங்க, ரொம்ப கொஞ்சம் தான் வரும். நாலாவது தடவ சத்தத்த அணைச்சிட்டுப் பாருங்க, சத்தம் இல்லாமலே தாளம் தெரியுதான்னு. எனக்கு இந்த நாலாவது தடவ தான் பிடி கெடச்சது, அது வரைக்கும் அழகா ஆடறாங்கன்னு மட்டும் தான் நெனச்சிருந்தேன், அன்னிக்கு தான் ரெண்டு பேர் தோளும் ஒரே நேரத்துல இறங்குறத பாத்தேன், ஒரு நூல்ல கட்டுன மாதிரி.

கட் ஏன் கம்மின்னா அது அஸ்டேர் போட்ட கண்டிஷன். ஆடறப்போ முழு ஒடம்பும் தெரியணும், கேமரா எங்கள பின்தொடர்ந்து வந்தா போதும், நடுவுல பாக்கறவங்க முகம், கைதட்டல்னு வெட்டிக் காட்டக் கூடாதுன்னு பிடிவாதமா இருந்தாரு. அதுக்கு விலையும் இருக்கு, ஒருத்தர் ஒரு ஸ்டெப் தவறினாலும் மொதல்ல இருந்து. இதே ஸ்விங் டைம்ல கடைசியில நெவர் கோனா டான்ஸ்னு ஒரு ஆட்டம், அத எடுக்க நாப்பது டேக்குக்கு மேல போச்சு, ஜிஞ்சரோட காலு ரத்தம் கசிஞ்சுதுன்னு அவங்களே பின்னாடி எழுதியிருக்காங்க. அந்த சீன பாத்தீங்கன்னா வலியோட சுவடு துளி கூட இருக்காது. ரெண்டு பேரும் பிரியப் போறாங்க, மொதல்ல சும்மா நடக்கறாங்க, நட எப்போ ஆட்டமாச்சுன்னு சொல்ல முடியாது, படிக்கட்டு ஏறி மேல போயி கடைசியில அவ சுழன்டுகிட்டே கதவுக்கு வெளிய போயிடறா, அவன் தனியா நிக்கறான்.

ஒரு டெக்னிக்கல் விஷயம், நம்மாளுங்களுக்கு ஈஸியா புரியும். பாட்ட மொதல்லயே ரெக்கார்ட் பண்ணி செட்ல ஸ்பீக்கர்ல போட்டு அதுக்கு ஆடுவாங்க, நம்ம ஊர் ஷூட்டிங் மாதிரியே. ஆனா டாப் சத்தம் பெரும்பாலும் படம் எடுத்து முடிச்ச பின்னாடி தான் சேத்தாங்க, ரெக்கார்டிங் ரூம்ல தன்னோட ஆட்டத்தையே திரையில பாத்துக்கிட்டு ஒவ்வொரு தட்டா மறுபடியும் ஆடி பதிவு பண்ணணும். அதாவது ஒரே ஆட்டத்த ரெண்டு தடவ கச்சிதமா ஆடணும்.

ரெண்டாவது படி, இப்ப முழுப் படம் போடலாம், அது 1952ல வந்த சிங்கிங் இன் த ரெயின். இதத் தவிர வேற எதையும் மொத முழுப் படமா சொல்ல மாட்டேன். கலர் படம், நூத்தி மூணு நிமிஷம் தான், காமெடி நல்லா வேல செய்யும், கதையும் உண்டு: 1927 வாக்குல மௌனப் படம் போயி பேசும் படம் வந்தப்போ ஸ்டுடியோக்கள்ல நடந்த குழப்பம், அழகான ஹீரோயினுக்கு குரல் கர்ணகொடூரமா இருந்தா என்ன பண்றதுங்கிறது. டப்பிங் விவகாரம் நமக்கு தெரிஞ்ச சமாச்சாரம் தானே, உடனே ஒட்டிக்கும். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேந்து டைரக்ட் பண்ணது, ஹீரோவும் கெல்லி தான். பாட்டெல்லாம் பெரும்பாலும் பழசு, தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் தயாரிப்பாளர் ஆகறதுக்கு முன்னாடி பாடலாசிரியர், நாசியோ ஹெர்ப் பிரவுன் இசையில அவர் எழுதின பாட்டுங்கள எடுத்து வெச்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி கதை எழுதச் சொன்னாங்க.

மழைப் பாட்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா எப்படிப் பாக்கணும்னு சொல்றேன். குடைய பாருங்க. ஆரம்பத்துல நனையாம இருக்க பிடிக்கிற குடை, கொஞ்ச நேரத்துல கெல்லி அத மடக்கிடறாரு, அதுக்கப்புறம் அது கைத்தடி, ஜோடி, கிடார் எல்லாம் ஆகுது, கடைசியில போலீஸ்காரர் வந்து மொறைக்க, போற வழியில நனைஞ்சுகிட்டு வர்ற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு போயிடறாரு. தண்ணி தேங்குற குழியெல்லாம் அவர் ஸ்டெப் விழற எடத்துக்கு அளவெடுத்து தோண்டினது. அத எடுத்தப்போ கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல். கெல்லிக்கு ஜோடியா வர்ற டெபி ரெனால்ட்ஸ் அந்தப் படம் எடுக்கறப்போ 19 வயசுப் பொண்ணு, டான்ஸ் கத்துக்கிட்டவங்க இல்ல, கெல்லிக்கும், ஹீரோவோட நண்பனா வர்ற டொனால்ட் ஓகானருக்கும் நடுவுல நின்னு குட் மார்னிங் பாட்டுக்கு ஆடணும். ஒரு நாள் முடியாம ஒரு பியானோக்கு அடியில உக்காந்து அழுதுட்டு இருந்தப்போ அந்தப் பக்கம் வந்த அஸ்டேர், வா நான் ஒத்திகை பாக்கறத பாருன்னு கூட்டிட்டு போனாராம், அவ்ளோ பெரிய ஆளும் வேர்த்து விறுவிறுத்து கோவப்பட்டு மறுபடி மறுபடி ஆடறத பாத்து தான் தைரியம் வந்துச்சுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. இது தெரிஞ்சுட்டு அந்தப் பாட்டுல மூணு பேரும் சோபா மேல ஏறி அத சாய்க்கிற எடத்த பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கும்.

படத்தோட கடைசிப் பகுதில ஒரு நீளமான கனவு ஆட்டம் வரும், பச்ச டிரஸ்ல சிட் சரீஸ். புதுசா பாக்கறவங்க சிலருக்கு அது கதைக்கு சம்பந்தமில்லாம தெரியும், பரவால்ல, அந்த எடத்துல கதைய மறந்துருங்க. அவங்க காலு ஃப்ரேமுக்குள்ள வர்ற அந்த மொத ஷாட்டுக்காகவே சொல்றேன்.

மூணாவது, 1935ல வந்த டாப் ஹாட் முழுசா. அஸ்டேரும் ஜிஞ்சரும் சேந்து 10 படம், 1933ல இருந்து 1939 வரைக்கும் ஆர்கேஓ ஸ்டுடியோவுல 9, அப்புறம் 10 வருஷம் கழிச்சு எம்ஜிஎம்ல ஒண்ணு. பத்தையும் பாக்கணும்னு இப்ப அவசரம் இல்ல, டாப் ஹாட், ஸ்விங் டைம் ரெண்டு போதும். கதை ஆள் மாறாட்டம், படம் முழுக்க ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா தீந்திருக்கும், அத மன்னிச்சு விட்ருங்க, அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில சோத்துக்கு வரிசையில நின்ன காலத்துல வந்த படம், வெள்ள வெளேர்னு செட்டும் சாட்டின் துணியும் பாக்கவே ஜனம் தியேட்டருக்கு போச்சு. இதுல எல்லாரும் சீக் டு சீக் பாட்ட சொல்வாங்க, நெருப்புக்கோழி இறகு வெச்ச கவுன், ஒத்திகையில இறகு பறந்து பறந்து அஸ்டேர் கடுப்பாயிட்டாரு, பின்னாடி சமாதானமாகி தங்கத்துல ஒரு சின்ன இறகு செஞ்சு ஜிஞ்சருக்கு குடுத்தாரு, உத்துப் பாத்தா படத்துலயே ரெண்டு மூணு இறகு பறக்கறது தெரியும். எனக்கு அதவிட ஒசத்தி, அதே படத்துல லண்டன் பூங்காவுல மழைக்கு ஒதுங்கின மண்டபத்துல நடக்குற ஆட்டம். ஜிஞ்சர் குதிரை ஓட்டுற உடுப்புல இருக்காங்க, பறக்கற கவுன் கிடையாது. அவர் ஒரு ஸ்டெப் போடறாரு, இவங்க அதே ஸ்டெப்ப நக்கலா திருப்பிப் போடறாங்க. தொட்டுக்கறதே இல்ல ரொம்ப நேரம். கடைசியில ரெண்டு பேரும் பொத்துன்னு உக்காந்து கை குலுக்கிக்கறாங்க. காதல் காட்சியில கை குலுக்கல்! அங்க தான் எனக்கு இந்த ஜோடி மேல பைத்தியம் பிடிச்சது.

நாலாவது நேர் எதிர்க் கட்சி, பஸ்பி பெர்க்லி. வார்னர் பிரதர்ஸ்ல 1933ல மட்டும் ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட், கோல்ட் டிக்கர்ஸ், ஃபுட்லைட் பரேட்னு மூணு படத்துக்கு ஆட்டம் அமைச்சாரு. முதல் உலகப் போர்ல பட்டாளத்துல அணிவகுப்பு நடத்தினவர், அதையே நூத்துக்கணக்குல பொண்ணுங்கள வெச்சு பண்ணாரு, கேமராவ உச்சியில தொங்க விட்டு கீழ பாத்தா ஆளுங்க எல்லாம் பூவா விரிஞ்சு சுருங்குவாங்க, கலைடாஸ்கோப் பாக்கற மாதிரி. இங்க ஆடறது கேமரா. அஸ்டேர் ஆட்டத்துல தேடினத இங்க தேடாதீங்க, ஒவ்வொருத்தர் காலும் பெருசா ஒண்ணும் பண்ணாது, கோலம் தான் முக்கியம். எனக்கு மொத தடவ பாத்தப்போ நம்ம 1948 சந்திரலேகா முரசு நடனம் தான் ஞாபகம் வந்துச்சு, அந்த பிரம்மாண்டமும் ஒழுங்கும். கோல்ட் டிக்கர்ஸ்ல பொண்ணுங்க கையில நியான் விளக்கு போட்ட வயலின் வெச்சு ஆடுவாங்க, அந்தப் படம் எடுத்துட்டு இருந்தப்போ மார்ச் மாசம் லாங் பீச் பூகம்பம் வந்து கரண்ட் போயி செட்டே இருட்டாச்சு. அதே படம் முடியறது, போர்ல சண்ட போட்டுட்டு வந்து இப்ப வேலையில்லாம தெருவுல நிக்குற சிப்பாய்ங்களப் பத்தின ஒரு பாட்டுல. டான்ஸ் படம்னா ஜிகினா மட்டும் தான்னு நெனைக்கறவங்க அந்தக் கடைசி ஏழு நிமிஷத்த பாக்கணும்.

இனி சொல்றத தாண்டிப் போகாதீங்க. டாப் டான்ஸே கறுப்பின மக்கள்கிட்ட வளந்த கலை, அயர்லாந்து ஆட்டமும் கலந்தது. ஆனா அந்தக் காலத்து ஸ்டுடியோக்கள் அவங்களுக்கு கதையில எடம் குடுக்கல. அவங்க ஆட்டத்த தனி சீனா, கதையோட ஒட்டாம எடுப்பாங்க, ஏன்னா நிறவெறி அதிகமா இருந்த அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்கள்ல அத மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சப் படத்த ஓட்ட வசதியா இருக்கணும். 1935ல தி லிட்டில் கர்னல் படத்துல கறுப்பின டாப் கலைஞர் பில் ராபின்சன் குட்டிப் பொண்ணு ஷர்லி டெம்பிள் கையப் பிடிச்சு படிக்கட்டுல ஆடினாரு, அந்தப் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு, அதக்கூட தெற்குல வெட்டினாங்க. அஸ்டேருமே ஸ்விங் டைம்ல கறுப்பினத்தவர் வேஷத்துல, முகத்துல கறுப்பு மை பூசிட்டு ஒரு ஆட்டம் ஆடறாரு, ராபின்சனுக்கு மரியாதையா பண்ணதுன்னு சொல்வாங்க, இருந்தாலும் மை மை தான், அந்த எடம் வரும்போது உறுத்தும், உறுத்தணும். முன்கூட்டியே தெரிஞ்சுட்டு பாருங்க.

அதனால அஞ்சாவது படி, 1943ல வந்த ஸ்டார்மி வெதர். முழுக்க கறுப்பினக் கலைஞர்கள் நடிச்ச படம், லீனா ஹார்ன், பில் ராபின்சன், கேப் காலோவே. கடைசியில நிக்கோலஸ் பிரதர்ஸ், அண்ணன் ஃபேயார்ட், தம்பி ஹாரல்ட். முறையா டான்ஸ் கிளாஸ் போனவங்க இல்ல, அப்பா அம்மா ஃபிலடெல்ஃபியாவுல தியேட்டர் இசைக் குழுவுல வாசிச்சாங்க, மேடையில வர்றவங்கள பாத்துப் பாத்தே கத்துக்கிட்டாங்க. இந்த ஆட்டத்துல இசைக்காரங்க நடுவுல இருக்குற மேசை மேல தாவறாங்க, பியானோ மேல ஏறறாங்க, அப்புறம் பெரிய பெரிய படிக்கட்டு, ஒருத்தர் தலைக்கு மேல இன்னொருத்தர் தாண்டி, கால ரெண்டு பக்கமும் நேரா விரிச்சு அடுத்த படியில வந்து விழறாங்க, கை ஊனாம எழுந்திரிக்கறாங்க, மறுபடியும் அடுத்த படி. கயிறு கிடையாது, கிராஃபிக்ஸ் கிடையாது. தான் பாத்ததுலயே மிகச் சிறந்த டான்ஸ் காட்சி இது தான்னு அஸ்டேரே அவங்ககிட்ட சொன்னாராம். 1991ல தான் ரெண்டு பேருக்கும் அமெரிக்காவோட பெரிய கலை விருதான கென்னடி சென்டர் கௌரவம் கெடச்சது, அந்தப் படம் வந்து 48 வருஷம் கழிச்சு. அவங்களுக்கு கதாநாயகன் வேஷம் குடுத்திருந்தா என்னென்ன பாத்திருப்போம்னு நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஆத்திரமா வருது.

இவ்ளோ பாத்துட்டா அப்புறம் உங்க இஷ்டம். வீட்ல குழந்தைங்க இருந்தா 1951ல வந்த ராயல் வெடிங்ல அஸ்டேர் சுவத்துல ஏறி கூரையில ஆடற சீன காட்டுங்க, எப்படி எடுத்தாங்கன்னு மொதல்லயே சொல்லிடாதீங்க, அவங்களே யோசிக்கட்டும். முழு ரூமையும் ஒரு பெரிய உருளைக்குள்ள கட்டி சுத்த விட்டாங்க, கேமராவும் கேமராமேனும் ரூமோட சேத்து கட்டியிருந்ததால ரூம் சுத்துறது நமக்கு தெரியாது. அமெரிக்காவுல அந்தப் படத்தோட காப்பிரைட் புதுப்பிக்காம விட்டுட்டதால மங்கலான காப்பி நெறைய சுத்துது, பளிச்னு இருக்குற நல்ல காப்பியா தேடிப் பிடிங்க. 1945ல வந்த ஆங்கர்ஸ் அவேல கெல்லி கார்ட்டூன் எலி ஜெர்ரியோட ஆடறதும் பசங்களுக்கு பிடிக்கும். ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினது, கடைசியில 17 நிமிஷம் பேச்சே இல்லாத பாலே, ஓவியர்களோட பாணியில செட்டு போட்டு எடுத்தது. அத ஆரம்பத்துல வேணாம்னு சொல்றேன், பழகினப்புறம் பாத்தா ஒரு நல்ல ராத்திரி. 1954ல வந்த செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்ல பொண்ணுங்கள தூக்கிட்டு போயி கல்யாணம் பண்ணிக்கற கதை, எனக்கு சுத்தமா பிடிக்காது, ஆனா களஞ்சியம் கட்டற திருவிழாவுல மைக்கேல் கிட் அமைச்ச ஆட்டம், கோடாலி வேல செய்யற ஆளுங்க பலகை மேல நின்னு ஆடறது, அத மட்டும் தனியா பாத்துருங்க. இது சினிமாஸ்கோப், இதுக்கு பட்டை மேலயும் கீழயும் வரும்.

எவ்ளோ நாள் இடைவெளி விடணும்னு கேட்டா, வாரத்துக்கு ஒரு முழுப் படம், நடுவுல தினமும் ஒரு ஆட்டம். சப்டைட்டில் போட்டுக்குங்க, அந்தக் காலத்து ஆளுங்க வேகமா பேசுவாங்க, பாட்டு வரியில விளையாட்டு நெறைய இருக்கும். ஒரு நோட்டுல படம் பேரு, பாட்டு, பிடிச்ச நிமிஷம் மட்டும் குறிச்சு வெச்சா போதும், மறுபடி தேட உதவும்.

ஒண்ணே ஒண்ண மட்டும் கடைசிக்கு வெச்சிருங்க, ஒரு பத்து ஆட்டமாவது பாத்ததுக்கு அப்புறம். 1953ல வந்த தி பேண்ட் வேகன்ல டான்சிங் இன் த டார்க். அஸ்டேருக்கு அப்ப அம்பது வயசு தாண்டிருச்சு, கூட சிட் சரீஸ், மடிப்பு வெச்ச சாதாரண வெள்ள டிரஸ், தட்டையான செருப்பு. கதையில ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகல, இவர் டாப் ஆள், அவங்க பாலே, சேந்து ஆட முடியுமான்னே சந்தேகம். குதிர வண்டியில சென்ட்ரல் பார்க் போறாங்க, அது ஸ்டுடியோவுல போட்ட செட்டு தான். இறங்கி நடக்கறாங்க. மத்தவங்க ஆடிட்டு இருக்குற எடத்த சும்மா தாண்டிப் போறாங்க. பேச்சே இல்ல, பாட்டு வரியும் இல்ல. ஆள் இல்லாத எடத்துக்கு வந்ததும் அவங்க போற போக்குல ஒரே ஒரு சுத்து சுத்தறாங்க, கொஞ்சம் தள்ளி அவரும் ஒண்ணு. பதில் கெடச்ச மாதிரி. அங்க இருந்து தான் ஆட்டம். முடிஞ்சு படி ஏறி, அதே தாளத்துல வண்டியில போயி உக்காந்து, கை கோத்துக்கறாங்க. அந்த எடத்துல பாஸ் போட்டுட்டு, நடக்க ஆரம்பிச்ச எடத்துல இருந்து இன்னொரு தடவ ஓட விடுங்க.